மென்பந்து கேள்வி-பதில்: அம்பயரின் பிழையை எப்போது திருத்தலாம்?

டென்னிஸ் பந்தில் ஆடும் மென்பந்து கிரிக்கெட்டின் ஐந்து ஓவர், ஆறு ஓவர் ஆட்டத்தில் பிழையான ஒரு முடிவே கிண்ணத்தைக் கை மாற்றிவிடும். சுற்றுப்போட்டிக்கென்று தனி விதி எழுதாத இடங்களில் கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்.சி.சி. கழகத்தின் விதிகளே செல்லும். கீழேயுள்ள பதில்களும் அவற்றின்படிதான்.

கே: தரையில் பட்டு எழும்பிய பந்தைக் கீப்பர் பிடித்தார். போலர் பக்க அம்பயர் அவுட் கொடுத்துவிட்டார். பக்கவாட்டில் நிற்கும் லெக் அம்பயர் அதைக் கண்டிருந்தும், "கொடுத்தது கொடுத்ததுதான்" என்று பேசாமல் நின்றார். சரியா? (கொட்டாஞ்சேனை)

சரியில்லை. விதி 2.12 முடிவை மாற்ற இடம் தருகிறது. உடனே மாற்ற வேண்டும் என்பதே நிபந்தனை. உண்மையில் விரலை உயர்த்த முதலே கேட்டிருக்க வேண்டும். மற்றவர் நன்றாகப் பார்க்கக்கூடிய இடத்தில் நின்றால், சந்தேகத்தில் இருப்பவர் அவரிடம் கேட்பது கடமை என்கிறது விதி 31.6.

கேட்காமலே கொடுத்துவிட்டால் லெக் அம்பயர் கையைத் தூக்கி, மற்றவரிடம் நடந்துபோய், வீரர்களுக்குக் கேட்காதபடி தான் கண்டதை மட்டும் சொல்லட்டும்: "கீப்பரின் கைக்கு முன்னால் பந்து தரையில் பட்டது." "நொட் அவுட்" என்று அவர் அறிவிக்கக்கூடாது. முடிவு போலர் பக்க அம்பயருடையது. அவர் மாற்றுவதாக இருந்தால் கைகளைக் குறுக்காக வைத்து, ஒவ்வொரு கையாலும் எதிர்த் தோளைத் தொடுவார். முந்திய சைகை ரத்து என்பதற்கு அதுதான் அடையாளம். ஸ்கோரர் கையைத் தூக்கி ஏற்கும்வரை அடுத்த பந்தை வீசவிட வேண்டாம்.

அவுட் கொடுக்காமலே துடுப்பாட்டக்காரர் தவறாக எண்ணி நடந்துவிட்டால் விதி 31.7 வருகிறது. அம்பயர் "டெட் போல்" சொல்லி அவரைத் திருப்பி அழைக்க வேண்டும். அடுத்த பந்துக்குப் போலர் ஓடத் தொடங்கும் கணம்வரை அதற்கு நேரம் உண்டு. கடைசி விக்கெட் என்றால், அம்பயர்கள் மைதானத்தை விட்டுப் போகும்வரை.

பிடித்தவருக்கே உண்மை தெரிந்தால் இன்னொரு வழியும் இருக்கிறது. அவரது அணித்தலைவர், அவுட் கேட்டுச் செய்த முறையீட்டை அம்பயரின் சம்மதத்தோடு மீளப்பெறலாம். அடுத்த பந்துக்குப் போலர் ஓடத் தொடங்குவதற்குள், இன்னிங்ஸ் முடிந்துவிட்டால் அம்பயர்கள் மைதானத்தை விட்டுப் போவதற்குள், அதைச் செய்ய வேண்டும். நம் மைதானங்களில் இது அரிதாகவே நடக்கிறது, அடிக்கடி நடக்க வேண்டும்.

கே: கடைசி ஓவரில் ஐந்து பந்தோடு "ஓவர்" சொல்லிவிட்டார்கள். நாங்கள் 2 ஓட்டத்தால் தோற்றோம். (மட்டக்குளி)

கசப்பானதுதான், ஆனால் விதி 17.5 தெளிவாக இருக்கிறது: அம்பயர் எண்ணியபடியே ஓவர் நிற்கும். ஏழாவது பந்தில் விழும் விக்கெட்டுக்கும் இதே கதி. ஆகவே "ஓவர்" என்ற சொல் வருவதற்கு முன்னரே பிழையைப் பிடிக்க வேண்டும். வைட், நோ போல் வரும் ஓவரில்தான் எண்ணிக்கை குழம்பும். சட்டைப் பையில் ஆறு சிறு கற்கள் வைத்து, செல்லுபடியான பந்துக்கு மட்டும் ஒன்றை மற்றப் பைக்கு மாற்றுங்கள். நான்காவது பந்து முடிந்ததும் இரு அம்பயர்களும் இரண்டு விரல் காட்டி ஒத்துப்பாருங்கள். ஸ்கோரருக்குப் பிழை தெரிந்தால் அவரும் உடனே சொல்லட்டும்.

கே: வைட் சொன்ன பிறகு பந்து மட்டையில் உரசியது தெரிந்தால்? (வெள்ளவத்தை)

வைட்டை ரத்துச் செய்ய வேண்டும். உரசிய பந்து நேரே கீப்பர் கையில் போய், முறையீடும் செய்தால் அவுட். டென்னிஸ் பந்து உரசும் சத்தம் கடினப்பந்து அளவுக்குக் கேட்காது. காதை நம்பாமல், மட்டையைத் தாண்டும்போது பந்தின் திசை மாறுகிறதா என்று பாருங்கள்.

கே: போன் வீடியோவைக் காட்டி முடிவை மாற்றச் சொல்லலாமா? (தெமட்டகொடை)

சுற்றுப்போட்டி விதியில் முன்கூட்டியே எழுதியிருந்தால் மட்டும். டெஸ்டில் மீளாய்வு முறை முதலில் பரீட்சிக்கப்பட்டது 2008இல் நம் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில்தான், அங்கேயும் நிபந்தனைகள் தொடருக்கு முன்பே முடிவாகியிருந்தன.

கே: ஆட்டம் முடிந்தபின் ஸ்கோரில் 4 ஓட்டம் விடுபட்டது தெரிந்தது. (பம்பலப்பிட்டி)

அம்பயர்களும் ஸ்கோரர்களும் கணக்கை ஒத்துக்கொண்டுவிட்டார்களா என்பதுதான் கேள்வி. ஒத்துக்கொண்டபின் முடிவு மாறாது (16.10). அதற்கு முன் என்றால் திருத்தலாம். இரண்டாவதாக ஆடிய அணியின் இன்னிங்ஸ் முடியாமல் ஓவர்களும் மீதமிருந்தால், ஏதேனும் ஓர் அணி தோல்வியை ஒப்புக்கொள்ளாதவரை ஆட்டத்தைத் தொடரவே வேண்டும் (16.9). அதனால் கைகுலுக்கியதும் கலைந்துவிடாதீர்கள். முதலில் இரு ஸ்கோர் தாள்களையும் ஓவர் ஓவராக ஒப்பிடுங்கள்.

2019 உலகக் கிண்ண இறுதியில் இங்கிலாந்தின் ஸ்டோக்ஸின் மட்டையில் பட்டு எல்லைக்குப் போன எறிக்கு 6 ஓட்டம் கொடுக்கப்பட்டது. எறிந்த கணத்தில் அவரும் மறுமுனை துடுப்பாட்டக்காரர் ரஷீதும் இரண்டாவது ஓட்டத்தில் ஒருவரையொருவர் கடந்திருக்கவில்லை. விதி 19.8இன்படி 5 ஓட்டமே. அடுத்த பந்தை ரஷீத் சந்தித்திருக்க வேண்டும். தொலைக்காட்சியில் பார்த்தபின் அது பிழை என்று அம்பயர் குமார் தர்மசேன ஏற்றுக்கொண்டார். முடிவு மாறவில்லை.

கே: மகள் பாடசாலையில் பேஸ்போல் மாதிரியான சொப்ட்போல் ஆடுகிறாள். அங்கே எப்படி? (கிராண்ட்பாஸ்)

பந்து ஸ்ட்ரைக்கா, ஓடியவர் அவுட்டாகாமல் பேஸைச் சேர்ந்தாரா என்பவை அம்பயரின் கணிப்பு. அவற்றுக்கு எதிர்ப்பு மனு கிடையாது. விதியைப் பிழையாகப் பிரயோகித்தால் உண்டு. உதாரணமாக, மூன்றாவது ஸ்ட்ரைக்கை, அடிப்பவருக்குப் பின்னால் நிற்கும் கெச்சர் தவறவிட்டார், முதல் பேஸும் காலி. அப்படியிருந்தும் அடித்தவரை ஓடவிடாமல் அவுட் சொன்னால் பயிற்சியாளர் நேரம் கேட்டு, விதியைச் சுட்டி எதிர்ப்பைத் தெரிவிக்கலாம். அடுத்த பந்து வீசப்படுவதற்குள் அதைச் செய்ய வேண்டும்.