முதலில் அந்தக் குழாயை மூடு

கேள்வி: அம்மா, எனக்குச் சின்ன வயதிலிருந்தே இரண்டு காம்பும் உள்வாங்கித்தான் இருக்கும். பிள்ளைக்கு ஆறு வாரம். அவனுக்கு வாயில் பிடிபடவில்லை என்பதால் பம்ப் வைத்துப் பால் எடுத்துப் புட்டியில் கொடுக்கிறேன். வலி உயிர் போகிறது. காம்பில் வெடிப்பு, நேற்றுப் பாலில் லேசாக ரத்தம். பாலும் நாளுக்கு நாள் குறைகிறது. குளியலறையில் வைத்துத்தான் எடுப்பேன் (சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வேன்). பம்பின் இழுவையை உச்ச எண்ணில் வைத்துச் சீக்கிரம் முடித்துவிடுவேன். தண்ணீர் ஏன் இவ்வளவு நேரம் ஓடுகிறது என்று மாமியார் கேட்டார், வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். இதைவிட நல்ல பம்பாக வாங்கட்டுமா? - பெயர் வேண்டாம்

பதில்: மகளே, புது பம்ப் கிடக்கட்டும். அடைப்புக்குறிக்குள் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாயே, குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வேன் என்று. உன் வலிக்கும் பால் குறைவதற்கும் காரணம் அந்த வரியில் இருக்கிறது.

பிள்ளை நேராகக் குடிக்காமல் பம்பை மட்டும் நம்பியிருக்கிறவள் இரவையும் சேர்த்து நாளைக்கு 8 முதல் 10 தடவை பால் எடுக்க வேண்டும். நடுராத்திரியில் குழாயைத் திறந்தால் வீடே விழித்துக்கொள்ளும். ஆகவே இரவில் நீ எடுப்பதில்லை. நீ எழுதவில்லைதான், ஆனால் இந்தக் கடிதத்தை நான் வேறு வேறு கையெழுத்தில் நிறையப் படித்தாயிற்று. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் இரவில்தான் அதிகம். அந்த நேரத்தில் பாலை எடுக்காமல் கட்டவிட்டால் உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். இதில் காம்பின் மேல் பழி போடாதே.

வலிக்கு வருகிறேன். பெரும்பாலான மின் பம்புகளில் முதல் ஒன்றிரண்டு நிமிடம் லேசாகவும் வேகமாகவும் இழுக்கும் ஒரு கட்டம் உண்டு. பிள்ளை வாய் வைத்ததும் படபடவென்று சப்புமே, அந்த மாதிரி. பால் இறங்கிய பிறகுதான் நிதானமான, ஆழமான இழுப்பு. அவசரத்தில் நீ நேரே உச்ச எண்ணுக்குப் போகிறாய். உள்வாங்கிய காம்புக்கு அடியில் பால் நாளங்களும் நார்த்திசுவும் குட்டையாக, இறுக்கமாக இருக்கும். காம்பை உள்ளே பிடித்து வைத்திருப்பவை அவைதான். அவற்றை வெடுக்கென்று இழுத்தால் வலிக்காமல் என்ன செய்யும்? போதாததற்கு, வலியும் கதவை யார் தட்டுவார்களோ என்ற பதற்றமும் பாலை இறக்கிவிடும் ஆக்ஸிடோசின் ஹார்மோனை அடக்கிவிடும். அது சுரக்காவிட்டால் மார்பில் இருக்கிற பால்கூடச் சரியாக இறங்காது. எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்று. அசௌகரியம் தெரிகிற இடத்தில் ஒரு படி இறக்கு. உனக்கான எண் அதுதான், அது 3 ஆக இருந்தாலும் சரி.

அது போகட்டும், மாமியாரிடம் சொன்ன பொய்? பால் கொடுக்கிறவளுக்கு வயிறு சரியில்லை என்று சொன்னால் அடுத்த வேளை உன் தட்டில் பாதிதான் விழும், தெரியுமா? அந்த அம்மாளும் பிள்ளை பெற்றவர். அவர் உன்னை ஒரு சொல் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. கேட்டது தண்ணீரைப் பற்றி. அவர் என்ன சொல்வார் என்று நீயே ஒன்றை நினைத்துக்கொண்டு நீயே அதற்குப் பயப்படுகிறாய். அப்படியே சுருக்கென்று ஏதாவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டுமே. வெடித்த காம்போடு பம்பை வைக்கிற வலியைவிட அது பெரிதா?

பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை என்றால் அதற்கான பாலும் அந்த வீட்டின் பொறுப்பு. இதில் எனக்கு இரண்டாம் பேச்சு கிடையாது. "அத்தை, பால் எடுக்கணும், அரை மணி நேரம் பக்கத்திலேயே பிள்ளையை வச்சிருங்க" என்று சொல்லிவிட்டு அறையில் நாற்காலி போட்டு, முதுகைச் சாய்த்து உட்கார். உன் கணவர் கடிதத்தில் எங்குமே தென்படவில்லை. ஒளித்து வைக்கிற பம்ப் ஈரத்தோடுதான் பைக்குள் போயிருக்கும். ஒவ்வொரு தடவையும் அதன் பாகங்களைச் சோப்பும் வெந்நீரும் போட்டுக் கழுவி, காற்றில் காயவைக்கிற வேலை இனி அவருடையது.

உட்கார்ந்ததும் பம்பைத் தொடாதே. வெதுவெதுப்பான துணியை மார்பில் சற்று நேரம் வை. பிறகு கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் கருவட்டத்தின் ஓரத்தில் வைத்து, விலா எலும்பை நோக்கி மெதுவாக அழுத்தி, நான்கு சொட்டுக் கையாலேயே பீய்ச்சு. பால் கட்டிக் கருவட்டம் கல்லாக இருந்தால், விரல் நுனிகளைக் காம்பைச் சுற்றி வைத்து உள்நோக்கி ஒரு நிமிடம் அழுத்திப் பிடி. வீக்கம் பின்வாங்கி அந்த இடம் இளகும். முனையை வெட்டிய சிரிஞ்சால் காம்பை வெளியே இழுக்கும் முறையை இந்தியக் குழந்தை மருத்துவர்கள் 1993-லேயே எழுதியிருக்கிறார்கள். வெட்டிய பக்கம் தோலில் படக்கூடாது, அதனால் அதை நர்ஸ் ஒருவரிடம் நேரில் கற்றுக்கொண்டு செய்.

பம்பில் மார்பின் மேல் வைக்கிற புனலைப் பார். பெட்டியோடு வந்ததில் பெரும்பாலும் 24 அல்லது 28 என்று போட்டிருக்கும். அந்த எண் மில்லிமீட்டர் கணக்கு, எல்லாருக்கும் பொருந்தாது. காம்பு வெளியே வந்திருக்கும்போது அதன் அடிப்பகுதியின் அகலத்தை அள. புனலின் குழல் அதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் வரை கூடுதலாக இருக்கலாம். பெரிதாக இருந்தால் கருவட்டமும் உள்ளே போய் வீங்கும், சிறிதாக இருந்தால் காம்பு சுவரில் உரசி வெளுக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்று நினைத்துவிடாதே.

இனி சொல்லப்போவதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. பம்பை எடுத்ததும் உன் காம்பு மெல்ல உள்ளே போய்விடும், பாலின் ஈரத்தோடு. மடிப்புக்குள் அந்த ஈரம் அடுத்த தடவை வரை நிற்கும். தோல் வெளுத்து ஊறி, பிறகு இழுக்கும்போது வெடிக்கும். உன் வெடிப்பு அந்த மடிப்பு ஓரத்தில்தான் இருக்கும், பார். பம்பை எடுத்ததும் இரண்டு விரலால் கருவட்டத்தைப் பின்னுக்கு அழுத்தி, காம்பை வெளியே நிறுத்தி, மெல்லிய துணியால் ஒற்று. தேய்க்காதே. சில நிமிடம் காற்றுப் படட்டும். நன்றாக உலர்ந்த பிறகு சிறிது லனோலின் களிம்பு தடவு. குழாய் ஓடிக்கொண்டிருக்கும்போது இதற்கெல்லாம் உனக்கு ஏது நேரம்?

ரத்தம் லேசாகக் கலந்த பால் பிள்ளைக்குக் கெடுதல் செய்யாது, கொட்டாதே.

பிள்ளையை மார்பில் போட்டுப் பார்ப்பதையும் கைவிடாதே. அவன் பிடிக்க வேண்டியது காம்பு மட்டும் இல்லை, கருவட்டத்தோடு வாய் நிறைய மார்பு. ஒரு நிமிடம் பம்ப் வைத்தால் காம்பு வெளியே வரும், கொஞ்ச நேரம் நிற்கும், அந்த நேரத்துக்குள் அவனை வைத்துவிட வேண்டும். தாழ் போட்ட கதவுக்கு அந்தப் பக்கம் பிள்ளை இருந்தால் அது நடக்காது.

மார்பு சிவந்து, சூடாகி, காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவரிடம் போ. பாலை எடுப்பதை நிறுத்தாதே. காம்பு உள்வாங்கியிருப்பது சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் என்பதால் அதில் பயமில்லை. திடீரென்று ஒரு பக்கம் மட்டும் உள்வாங்குகிறவர்கள்தான் தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். ஒரு வாரத்தில் வெடிப்பு ஆறவில்லையென்றால் பாலூட்டல் ஆலோசகரிடம் பம்ப், புனல் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய், அவர் முன்னாலேயே ஒரு தடவை எடுத்துக் காட்டு. அத்தையையும் கூட்டிக்கொண்டு போ.