மாட்டுக் கொட்டகை முதலிலா, விருந்தினர் வீடு முதலிலா?

கேள்வி: எனக்கு 56 வயது. சென்னையில் தனியார் வேலை, ஓய்வுபெற இன்னும் ஒன்றரை வருடம். மடிப்பாக்கத்தில் சொந்த ஃபிளாட், கோபிசெட்டிபாளையம் பக்கம் 2 ஏக்கர் தோட்டம் இருக்கிறது. ஃபிக்ஸட் டெபாசிட்டில் 22 லட்சம். குடிபோவதற்கு முன்பே 10 மாடுகளுக்குக் கொட்டகை (7 லட்சம்), 500 சதுர அடியில் சின்ன விருந்தினர் வீடு (12 லட்சம்) கட்டிவிட்டு, பிறகு ஃபிளாட்டை விற்றுப் பெரிய வீடு கட்டலாம் என்பது திட்டம். மனைவிக்குத் தயக்கம். டெபாசிட்டை உடைக்கலாமா, கடன் வாங்கலாமா?

பதில்: உங்கள் மனைவியின் தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. 22 லட்சத்தில் 19 போனால் மிச்சம் 3 லட்சம். மாதம் 45,000 ரூபாய் செலவாகும் குடும்பத்துக்கு அது ஏழு மாதம்கூட வராது. அதுவும் கட்டடம் போட்ட கணக்குக்குள் முடிந்தால்தான்.

முடியாது என்றுதான் நினைக்கிறேன். வேலி, செப்டிக் டேங்க், தற்காலிக மின் இணைப்பு எதுவும் உங்கள் கணக்கில் இல்லை. இலவச விவசாய இணைப்பில் கட்டடத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொள்ளலாம் என்று மேஸ்திரி சொல்வார். கேட்காதீர்கள், பிடிபட்டால் இரு மடங்கு கட்டணம் போடுவார்கள். தோட்டம் வாய்க்கால் கரையில் இருந்தால் இன்னொன்றும் உண்டு. ஜல்லி லாரி சின்னப் பாலத்தைத் தாண்டாது. தார் ரோட்டிலேயே கொட்டிவிட்டுப் போவார்கள், அங்கிருந்து டிராக்டரில் நடை நடையாக அடிக்க வேண்டும். அந்த வாடகையும் உங்கள் தலையில்தான்.

என்னைக் கேட்டால், வீடு முதலில், கொட்டகை பிறகு. வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்கு வந்துவிடலாம், மாட்டை அப்படி விட முடியாது. விடிகாலையும் சாயங்காலமும் பால் கறந்தாக வேண்டும். நீங்கள் இல்லாத ஒன்றரை வருடமும் ஒரு குடும்பத்தைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டும். மாடு வாங்காமல் கொட்டகையை மட்டும் கட்டிப்போட்டால் 7 லட்சம் வட்டியில்லாமல் தூங்கும்.

குடிபோன பிறகு இரண்டு மாட்டோடு ஆரம்பியுங்கள். ஒரு மாட்டுக்குக் கூரைக்குக் கீழே 40 சதுர அடி, வெளியே நடமாட அதைப்போல இரு மடங்கு இடம் இருந்தால் போதும். கிழக்கு மேற்காக நீளவாக்கில் போட்டு, ஒரு பக்கத்தைச் சுவர் எழுப்பாமல் விட்டுவையுங்கள், பின்னால் நீட்டிக்கொள்ளலாம். தரையைச் சொரசொரப்பாக விடச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் அழகாக இருக்கட்டும் என்று வழவழவென்று சிமென்ட் பூசினார். மூத்திர ஈரத்தில் சினைப்பசு வழுக்கி, பின்னங்கால் இரண்டும் விரிந்து விழுந்தது. அப்புறம் அது எழுந்திருக்கவே இல்லை.

சரி, பணத்துக்கு வருவோம். விவசாய நிலத்தில், அனுமதி பெற்ற வரைபடம் இல்லாமல் வீட்டுக் கடன் கிடைப்பது கஷ்டம். தனிநபர் கடன் வேண்டவே வேண்டாம். ஓய்வுபெறும் நேரத்தில் அந்த வட்டி தாங்காது. கிசான் கிரெடிட் கார்டு இப்போது கறவை மாட்டுக்கும் உண்டு, ஆனால் அது தீவனம் போன்ற நடைமுறைச் செலவுக்கு. கொட்டகை கட்ட அதை நம்பாதீர்கள். வீட்டுக்கு டெபாசிட்டிலிருந்து 12 லட்சம் எடுங்கள். மீதி 10 லட்சத்தைத் தொடக்கூடாது. கடைசி நேரத்தில் ஒன்றிரண்டு லட்சம் இடித்தால் டெபாசிட்டின் மேல் கடன் வாங்கி, போனஸ் வந்ததும் அடைத்துவிடுங்கள்.

ஃபிளாட் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். வீட்டை விற்ற ஆதாயத்துக்கு 12.5% வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியது என்றால், பணவீக்கத்தைக் கழித்து 20% என்று கணக்கிட்டுப் பார்த்து, எது குறைவோ அதைக் கட்டலாம். அந்த ஆதாயத்தில் வேறு வீடு கட்டினால் வரிவிலக்கு உண்டு. 54-வது பிரிவு என்று சொல்லிப் பழகியிருக்கிறோமே, அதுதான். ஆனால் விற்ற பிறகு 3 வருடத்துக்குள் கட்டி முடிக்கும் வீட்டுக்குத்தான் அது பொருந்தும். இப்போதே கட்டி முடிக்கும் விருந்தினர் வீடு அதில் சேராது, மாட்டுக் கொட்டகை எப்போதுமே சேராது. பின்னால் கட்டப்போகும் பெரிய வீடு சேரும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடு வரை செலவாகாத பணத்தை, அந்தக் கெடுவுக்குள் வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட்டுவிட வேண்டும்.

அதனால் ஃபிளாட்டை அவசரப்பட்டு விற்காதீர்கள். ஓய்வுபெற்றதும் வாடகைக்கு விட்டுவிட்டு, அந்தச் சின்ன வீட்டில் ஒரு மழைக்காலம், ஒரு கோடை இருவரும் இருந்து பாருங்கள். அதற்காகவே அதை விருந்தினருக்கு என்று நினைக்காமல் உங்களுக்கு என்று கட்டுங்கள்: ஒழுங்கான சமையலறை, வழுக்காத குளியலறை, படியில்லாத வாசல். டாக்டர், மருந்துக்கடை எவ்வளவு தூரம், ராத்திரியில் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அங்கே தங்கினால்தான் தெரியும். மனைவிக்குப் பிடித்திருக்கிறது என்று அவர் வாயால் சொன்ன பிறகு விற்கலாம்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது முதல் வேலையாகச் சிட்டாவை எடுத்துப் பாருங்கள். வீடு வரும் இடம் புஞ்சையா, நஞ்சையா? நஞ்சை என்றால் வேளாண் துறையின் தடையில்லாச் சான்று வரை அலைய வேண்டியிருக்கும், அஸ்திவாரச் செலவும் கூடும். அது தெரியும்வரை மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.