மழைக்கு முன் கூரையைப் பாருங்கள்: செட்டிநாட்டு வீடுகளுக்குச் சில கேள்வி பதில்கள்

ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்பார்கள். நம் பக்கத்தில் அதற்கு முன்னாலேயே ஆவணி, புரட்டாசியில் சாயங்கால இடிமழை வந்து, எந்த வீட்டுக் கூரை ஒழுகும் என்று காட்டிக் கொடுத்துவிடும். இந்த முறை வந்திருக்கும் கேள்விகள் எல்லாமே அதைப் பற்றித்தான். பொதுவாக ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஈரம் தெரிகிற இடம் வேறு, தண்ணீர் நுழைகிற இடம் வேறு. நுழைகிற இடத்தைக் கண்டுபிடிக்கும் வரை எதையும் வாங்கிப் பூசாதீர்கள்.

தேவகோட்டையில் எங்கள் வீட்டின் இரண்டாம் கட்டு மெட்ராஸ் டெரஸ். நடு அறையில் இரண்டு தேக்குக் கட்டைகளுக்கு நடுவே ஈரம் பூத்து, சுண்ணாம்பு உதிர்கிறது. மேலே முழுக்க வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடித்தால் போதும் என்கிறார் கான்ட்ராக்டர். அடிக்கலாமா?

வேண்டாம். அந்தத் தளம் எப்படிக் கட்டப்பட்டது என்று தெரிந்தால் ஏன் வேண்டாம் என்பது புரியும். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் சின்னச் செங்கல்லைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் அடுக்கியிருப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, மரக்கட்டையால் பல நாள் அடித்து இறுக்கிய தளம். எல்லாவற்றுக்கும் மேல் தட்டோடு. இதில் சிமென்ட் கிடையாது. கொஞ்சம் ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும். இப்படித்தான் இந்தத் தளங்கள் நூறு வருடத்தைத் தாண்டி நிற்கின்றன. மேலே ரப்பர் மாதிரி ஒரு பெயிண்டைப் பூசினால் உள்ளே ஏற்கெனவே தங்கிய ஈரம் மேலே போக வழியில்லாமல் கீழே கட்டைக்குத்தான் இறங்கும். இரண்டு கோடைக்குள் பெயிண்ட் கொப்பளித்துவிடும். கட்டை உளுத்துப்போவது உங்கள் கண்ணுக்கே தெரியாது.

நான் செய்யச் சொல்வது இதுதான். மழை இல்லாத ஒரு நாளில் ஹோஸ் பைப்பை எடுத்துக்கொண்டு ஒருவர் மாடிக்குப் போகட்டும், ஒருவர் கீழே அறையில் நிற்கட்டும். தண்ணீர் வெளியேறும் தூம்பு வாயிலிருந்து, அதாவது தாழ்ந்த பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு பகுதியாக இருபது நிமிடம் நனைத்துக்கொண்டே மேட்டுப் பக்கம் போங்கள். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் ஓடி, எந்த இடம் குற்றவாளி என்றே தெரியாது. மாடியில் தண்ணீரைக் கட்டி நிறுத்திப் பார்க்கும் வழக்கம் புது கான்கிரீட்டுக்குச் சரி. பழைய கட்டைத் தளத்துக்கு வேண்டாம்: ஓர் அங்குலம் தண்ணீர் நின்றாலே சதுர மீட்டருக்கு 25 கிலோ எடை.

பெரும்பாலும் குற்றம் மூன்று இடங்களில் ஒன்றில்தான் இருக்கும். தூம்பைச் சுற்றி விட்ட விரிசல், கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, அல்லது யாரோ டிஷ் ஆன்டெனாவுக்கோ தண்ணீர்த் தொட்டிக்கோ அடித்த போல்ட். இடம் தெரிந்ததும் அந்தப் பகுதித் தட்டோடுகளை மட்டும் எடுத்து, இளகிய தளத்தைக் கொத்தி நீக்கிச் சுண்ணாம்பிலேயே திரும்பப் போடச் சொல்லுங்கள். செங்கல் தூள் சேர்த்த கலவை, கடுக்காய் ஊறவைத்த தண்ணீர். சுவர் மூலையில் கலவையை உருட்டிப் பூச வேண்டும், கூர்மூலை கூடாது. வாட்டம் பத்து அடிக்கு இரண்டு அங்குலம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று. கட்டை சுவருக்குள் நுழையும் முனையை ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உறுதியாக இருந்தால் நிம்மதி. பஞ்சு போல உள்ளே போனால் மற்ற வேலையை நிறுத்திவிட்டு, அந்தக் கட்டைக்கு அடியில் முட்டுக் கொடுத்து, முதலில் ஆசாரியைக் கூப்பிடுங்கள்.

இப்போது புரட்டாசி. சுண்ணாம்பு வேலையை ஆரம்பிக்கலாமா?

கையகல ஒட்டு வேலை என்றால் செய்யலாம், மேலே மறைப்புக் கட்டிக்கொண்டு. முழுத் தளத்தையும் இப்போது பிரிக்கவே பிரிக்காதீர்கள். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கித்தான் மெல்ல மெல்ல இறுகும். இறுகும் முன் அடைமழை பிடித்தால் கரைந்து போகும். பெரிய வேலையைத் தையில் வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்குச் சிமென்ட் பூசிவிடலாமா என்று கேட்பீர்கள். அது சுண்ணாம்போடு சேர்ந்து அசையாது, ஓரத்தில் மயிரிழை விரிசல் விட்டுத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். தை வரைக்கும் தார்ப்பாய் போதும்.

கானாடுகாத்தான் வீட்டில் வளவு முற்றத்தைச் சுற்றி நாட்டு ஓடு. நாலு மூலைகளில் இரண்டு மூலை ஒழுகுகிறது. ஓடுகளையெல்லாம் மாற்றியும் ஒழுக்கு நிற்கவில்லை.

ஓட்டின் மேல் தப்பில்லை என்றே நினைக்கிறேன். இரண்டு சரிவுகள் உள்மூலையில் சேர்கிற கூடல்வாயைப் பாருங்கள். இரண்டு பக்கத் தண்ணீரும் அந்த ஒரு தகரத்தில்தான் இறங்குகிறது. வேப்பிலைச் சருகு ஒரு பிடி அடைத்தாலே தண்ணீர் எதிர்த்து ஏறி ஓட்டுக்கு அடியில் புகுந்துவிடும். சருகை வாரிவிட்டு, தகரத்தில் துரு ஓட்டை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

ஓட்டை இருந்தால் தாரை உருக்கி ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம். வெயிலில் வெடித்துவிடும், வேண்டாம். புதுத் தகரமே போடுங்கள். இருபுறமும் ஓட்டுக்கு அடியில் ஆறு அங்குலமாவது ஏற வேண்டும், விளிம்பை மேல்நோக்கி மடித்திருக்க வேண்டும். இரண்டு தகரம் சேரும் இடத்தில் மேல் தகரம் கீழ்த் தகரத்தின் மேல் படிய வேண்டும். தண்ணீர் ஓடும் நடுப்பகுதியில் ஓர் ஆணி கூட இறங்கக் கூடாது. மடிப்பு ஓரத்தில்தான் பிடிமானம்.

மாற்று ஓடு வேண்டுமென்றால், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் விசாரித்தால், எந்த வீடு பிரிக்கிறார்கள் என்று தகவலாவது கிடைக்கும். ஒவ்வொரு ஓட்டையும் விரலால் தட்டி வாங்குங்கள். கணீரென்றால் நல்லது, சொத்தென்றால் விரிசல். புது ஓட்டையும் பழைய ஓட்டையும் ஒரே வரிசையில் கலக்காதீர்கள். வளைவு ஒத்துவராது. மயில் உட்கார்ந்து சரித்த ஓடுகளையும் அப்படியே பழைய இடத்துக்குத் தள்ளி வையுங்கள், ஆனால் பாசி பிடித்த ஓட்டில் ஈரத்தோடு ஏற வேண்டாம். ஓட்டைத் தாங்கும் சாய்வு மரமான கைமரம் ஓடும் இடத்தில் ஏணியைப் படுக்க வைத்து, அதன் மேல்தான் நடக்க வேண்டும்.

கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறது. பிடுங்கலாமா?

விரல் நீளக் கன்று என்றால், நல்ல மழை பெய்து காரை ஊறிய மறுநாள் வேரோடு எடுங்கள். தண்டு விரல் பருமனைத் தாண்டிவிட்டால் இழுக்கக் கூடாது, சுவரும் கூடவே வரும். மழை விட்டதும் கொத்தனாரை வைத்து அந்த இடத்தில் இரண்டு வரிசைச் செங்கல்லைக் கழற்றி, வேரை முழுசாக எடுத்துவிட்டுத் திரும்பக் கட்ட வேண்டும். அதுவரை தழையை ஒட்டக் கிள்ளிக்கொண்டே இருங்கள்.

நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம். பள்ளத்தூர் வீடு பூட்டித்தான் கிடக்கிறது. ஊருக்கு வந்து ஓடு மாற்றத் தையாகிவிடும். அதுவரை தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லலாமா?

தாராளமாக. ஆனால் எப்படிப் போட வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்புங்கள். தப்பாகப் போட்ட தார்ப்பாய் ஒழுக்கை விட அதிகம் கெடுக்கும்.

250 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 250 கிராம் எடை) குறையாத தார்ப்பாய் வாங்கச் சொல்லுங்கள். ஒழுகும் இடத்தை மட்டும் மூடினால் மேலிருந்து வரும் தண்ணீர் அதற்கு அடியில் புகும். அதனால் முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் மூன்று அடியாவது விழ வேண்டும். இரண்டு பாய் போட்டால் கீழ்ப்பாய் முதலில், மேல்பாய் அதன் மேல் இரண்டடி ஏறி வரட்டும். ஆணி அடிக்கக் கூடாது. செங்கல்லைத் தூக்கி வைக்கவும் கூடாது. காற்றில் உருண்டு ஓட்டை உடைக்கும். நைலான் சாக்கில் மணல் கட்டி, இரண்டிரண்டாகக் கயிற்றில் இணைத்து, முகட்டின் இரண்டு பக்கமும் தொங்கவிட்டால் போதும். நுனிக் கயிற்றைத் தூணில் கட்டலாம், தகரக் குழாயில் கட்டாதீர்கள். பாய்க்கும் ஓட்டுக்கும் இடையில் ஓரிரு மூங்கில் கொடுத்தால் காற்று போய்வரும். இல்லாவிட்டால் உள்ளே புழுங்கி, ஓட்டுக்கு அடியில் இருக்கும் வரிச்சல் சட்டங்களில் பூஞ்சை பிடித்து, ஈரத்தைத் தேடிக் கரையான் வந்து சேரும்.

ஆனால் முற்றத்தை மூடச் சொல்லவே சொல்லாதீர்கள். நல்லெண்ணத்தோடு பல பேர் இதைச் செய்கிறார்கள். முற்றத்தின் குறுக்கே கட்டிய பாயில் ஒரே இரவில் தண்ணீர் குளமாகத் தேங்கி, சுற்றியுள்ள ஓட்டையும் இழுத்துக்கொண்டு விழும். மழை விழுவதற்கென்றே விட்ட இடம் அது. அங்கே விழுகிற தண்ணீர் வெளியேறும் சாக்கடை வாயைச் சுத்தம் செய்தால் போதும். முதல் பெரிய மழைக்கு மறுநாள் காவலுக்கு இருப்பவர் உள்ளே எல்லா அறையையும் திறந்து பார்த்துப் படம் அனுப்பட்டும். ஜன்னலையும் அன்று பகல் முழுக்கத் திறந்து வைக்கட்டும். மழைக்காலம் முடிந்ததும் பாயை எடுத்துவிட வேண்டும். வெயிலில் நைந்து, நூல் நூலாகக் கூடல்வாயை அடைக்கும்.

பங்காளிகள் ஏழு பேர். எங்கள் பங்கு அறைக்கு மேல் ஒழுகவில்லை, நாங்களும் கொடுக்க வேண்டுமா?

கொடுங்கள். பக்கத்து அறைக் கட்டையில் ஏறும் கரையான் உங்கள் கட்டைக்கு வர அதிக நாளாகாது. பங்குக்கு இவ்வளவு என்று எழுதிவைத்து, ஒருவர் பொறுப்பில் கணக்கு இருக்கட்டும். முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கு எல்லாரும் கூடும்போது பேசினால் சுலபமாக முடியும்.

கொஞ்சம் வேறு மாதிரிக் கேள்வி. பழைய டெம்போ டிராவலரைப் படுக்கை, அடுப்போடு சுற்றுலா வண்டியாக மாற்றியிருக்கிறேன். கூரை ஒழுகுகிறது. மழை மாதங்களில் காரைக்குடியில் நிறுத்தித்தான் வைப்பேன்.

கூரை எந்தப் பொருளானாலும் விசாரணை ஒன்றுதான். வண்டியில் தண்ணீர் நுழைவது தகரத்தின் வழியாக அல்ல, தகரத்தில் நாம் போட்ட துளை வழியாக. காற்றுப்போக்கி, கேரியர் போல்ட், சோலார் ஒயர் இறங்கும் இடம், தகரங்கள் சேரும் தையல்.

கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. கதவு ஜன்னல் எல்லாவற்றையும் மூடி, ஒரு ஜன்னலில் மட்டும் அட்டை வைத்து அடைத்து, அதன் வழியே ப்ளோயரால் உள்ளே காற்றை ஊதுங்கள். மேலே சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவுங்கள். எங்கே நுரை குமிழி விடுகிறதோ அதுதான் ஓட்டை.

பழைய சிலிக்கானுக்கு மேலேயே புது சிலிக்கான் பூசுவதுதான் எல்லாரும் செய்வது. அது பிடிக்காது. பிளாஸ்டிக் கரண்டியால் பழையதை முழுக்கச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, பொருத்தும் சட்டத்துக்கு அடியில் பியூட்டைல் டேப் (ஒட்டும் ரப்பர் நாடா) வைத்து முடுக்குங்கள். ஓரத்துக்கும் ஸ்க்ரூ தலைக்கும் பாலியூரிதேன் சீலன்ட். உள்ளே ப்ளைவுட் பதித்திருந்தால் அதையும் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். ஊறிப்போன பலகையை வெட்டி எடுத்து, உள்ளே நன்றாகக் காய்ந்த பிறகுதான் புதுப் பலகை.

நிறுத்தும்போது முன்பக்கமோ பின்பக்கமோ கொஞ்சம் தாழ்ந்திருக்கட்டும், கூரையில் தண்ணீர் தேங்காது. பிளாஸ்டிக் தார்ப்பாயை நேரே மேலே போர்த்தாதீர்கள். உள்ளே வியர்க்கும், காற்றில் அடித்துப் பெயிண்டையும் தேய்க்கும். காற்றுப் போகிற துணிக் கவர் வாங்குங்கள், அல்லது நான்கு கால் நட்டுத் தனியாக ஒரு தகரப் பந்தல் போடுங்கள். கவர் என்றால் கூர்மையான மூலைகளில் பழைய துணியைச் சுற்றி, வயிற்றுக்கு அடியில் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். மெத்தையை எடுத்து வீட்டுக்குள் வையுங்கள், அலமாரிக் கதவுகளைத் திறந்தே விடுங்கள். மழை விட்டு வெயில் வரும் நாட்களில் கவரை அவிழ்த்து, வண்டியின் கதவைச் சாயங்காலம் வரை திறந்து வைத்துவிட்டு மறுபடி மூடலாம்.