பத்துக் கிலோ பாஸ்: சாதனை மீன்களும் ஃப்ளோரிடா இனமும் – கேள்வி பதில்

டெக்சாஸ் ஏரிகளில் தூண்டில் போட ஆரம்பித்து இருபது வருடம் ஆகிறது. தூண்டில்காரர்கள் துரத்தும் நன்னீர் மீனான லார்ஜ்மவுத் பாஸைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையவே கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (டாலஸ்): அண்ணா, உலக சாதனை யாருடையது? சிலர் அமெரிக்கர் என்கிறார்கள், சிலர் ஜப்பானியர் என்கிறார்கள்.

இரண்டு பேருடையதும்தான் தம்பி. முதலாமவர் ஜார்ஜ் பெர்ரி. ஜார்ஜியா மாநிலத்தில் விவசாயக் குடும்பத்துப் பையன். 1932 ஜூன் 2 அன்று, மழையில் நிலம் ஈரமாகிக் காட்டு வேலை செய்ய முடியாத நாள் என்பதால், மான்ட்கோமரி ஏரிக்கு மீன் பிடிக்கப் போனார். ஏரி என்று பெயர்தானே தவிர, ஆக்மல்கி ஆறு தடம் மாறியபோது விட்டுப்போன வளைவு அது. அங்கே மாட்டியது 22 பவுண்டு 4 அவுன்சு, அதாவது பத்துக் கிலோவுக்குச் சற்று மேல். நீளம் 32½ அங்குலம், சுற்றளவு 28½ அங்குலம். ஒரு பத்திரிகைப் போட்டிக்கு அளவுகளை அனுப்பி, 75 டாலர் மதிப்புள்ள பொருட்களைப் பரிசாகப் பெற்றார். மீனை வீட்டில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டார்கள். பெருமந்தக் காலம், வீட்டில் சாப்பாட்டுக்கு ஆள் நிறைய. அதில் தப்பு சொல்ல எனக்கு மனம் வராது.

இரண்டாமவர் மனாபு குரிடா. 2009 ஜூலை 2, ஜப்பானின் பிவா ஏரி. உயிருள்ள புளூகில் மீனை இரையாகப் போட்டுப் பிடித்தார். எடை 22 பவுண்டு 4.97 அவுன்சு.

கேள்வி (ஆஸ்டின்): அப்படியென்றால் குரிடாவுடையதுதானே கூடுதல்? ஏன் சமன் என்கிறார்கள்?

மீன்பிடி சாதனைகளைப் பதிவு செய்யும் சர்வதேச அமைப்பான ஐ.ஜி.எஃப்.ஏ.வின் விதி அப்படி. 25 பவுண்டுக்குக் குறைந்த மீன் என்றால், பழைய சாதனையைக் குறைந்தது 2 அவுன்சாவது தாண்ட வேண்டும். குரிடாவின் மீன் தாண்டியது ஒரு அவுன்சுக்கும் சற்றுக் குறைவு. ஒரு பெரிய நெல்லிக்காய் எடைகூட இல்லை. பல மாத விசாரணைக்குப் பிறகு 2010 ஜனவரியில் சமன் என்று அறிவித்தார்கள். எனக்கு அந்த விதி சரியென்றே படுகிறது. படகில் ஆடும் தராசில் ஒரு அவுன்சு என்பது காற்றடித்தால் மாறும்.

கேள்வி (ஹூஸ்டன்): ஃப்ளோரிடா இனம், வடக்கு இனம் என்கிறீர்களே, பார்த்தால் தெரியுமா?

தெரியாது. பக்கவாட்டுக் கோட்டில் உள்ள செதில்களை எண்ணினால் ஒரு யோசனை கிடைக்கும். வடக்கு இனத்தில் பெரும்பாலும் 59 முதல் 65, ஃப்ளோரிடா இனத்தில் 69 முதல் 73. ஒருமுறை ஈரக் கையோடு மீனைத் தண்ணீர்த் தொட்டிக்குள்ளேயே பிடித்துக்கொண்டு எண்ணிப் பார்த்தேன். நாற்பதைத் தாண்டும்போதே அது ஒரு துள்ளு துள்ளியது, கணக்கு போச்சு. கலப்பு மீன் என்றால் எண்ணிக்கையும் நடுவில் வந்து நிற்கும். துடுப்பின் ஓரத்தில் சின்னத் துணுக்கு வெட்டி மரபணு பார்ப்பதுதான் நம்பகமான வழி.

1949இல் ஃப்ளோரிடா பாஸைத் தனித் துணையினமாக விவரித்தார்கள். இப்போது தனி இனம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். 2022இல் வந்த ஆய்வுக்குப் பிறகு அறிவியல் பெயர்களே இடம் மாறிவிட்டன. இவ்வளவு காலம் வடக்கு இனமான சாதாரண லார்ஜ்மவுத் பாஸுக்கு இருந்த ‘சால்மாய்டிஸ்’ இப்போது ஃப்ளோரிடா பாஸுக்கு, மற்றதற்கு ‘நிக்ரிகன்ஸ்’. பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

கேள்வி (சான் ஹோசே): ஃப்ளோரிடா மீன் கலிஃபோர்னியாவுக்கு எப்படி வந்தது சார்?

1959இல் சான் டியேகோ நகராட்சியின் ஏரிகளைப் பார்த்துக்கொண்டவர்கள் ஃப்ளோரிடாவிலிருந்து விரலிகளை, அதாவது விரல் நீளக் குஞ்சுகளைக் கொண்டுவந்து அப்பர் ஓட்டே என்ற சின்ன நீர்த்தேக்கத்தில் விட்டார்கள். அங்கிருந்து மற்ற ஏரிகளுக்குப் போனது. அதற்கு முன் அங்கே வடக்கு இனம் மட்டும்தான். 1973இல் மிராமர் ஏரியில் 20 பவுண்டு 15 அவுன்சு, 1980இல் கசிட்டாஸ் ஏரியில் 21 பவுண்டு 3 அவுன்சு, 1991இல் காஸ்டெய்க் ஏரியில் 22 பவுண்டைத் தொட்ட ஒன்று. பெர்ரியின் சாதனை அடுத்த வாரம் போய்விடும் என்றே எல்லாரும் நினைத்திருந்த காலம்.

ஆனால் கவனியுங்கள், ஃப்ளோரிடா மாநிலத்தின் சொந்தச் சாதனை 17 பவுண்டு 4 அவுன்சுதான். தாய்வீட்டை விடப் புகுந்த வீட்டில் மீன் பெருத்தது. காரணம் சாப்பாடு. குளிர்காலத்தில் தூண்டில்காரர்களுக்காக அந்த ஏரிகளில் ரெயின்போ டிரவுட் மீனை லாரியில் கொண்டுவந்து கொட்டுவார்கள். கொழுப்பு நிறைந்த மீன், பண்ணையில் வளர்ந்ததால் எதிரியைக் கண்டு ஓடத் தெரியாது. பாஸுக்கு அது விருந்து. டிரவுட் மாதிரியே செய்த முழ நீள லூர்கள் (போலி இரைகள்) கலிஃபோர்னியாவில் பிரபலமானது இதனால்தான்.

கேள்வி (சான் டியேகோ): டாட்டி என்ற மீனைப் பற்றிச் சொல்லுங்கள்.

டிக்சன் ஏரி, எஸ்கொண்டிடோ ஊர். செவுளுக்குக் கீழே கறுப்புப் புள்ளி ஒன்று இருந்ததால் அந்தப் பெயர். 2003இல் ஒருமுறை பிடிபட்டபோது 21 பவுண்டு 11 அவுன்சு. 2006 மார்ச்சில் மறுபடி மாட்டியது. கைத்தராசு 25 பவுண்டு 1 அவுன்சு காட்டியது. பெர்ரியை ஏறக்குறைய மூன்று பவுண்டு தாண்டிய எடை! ஆனால் கொக்கி வாயில் இல்லை, உடம்பின் பக்கவாட்டில் குத்தியிருந்தது. படம் எடுத்துவிட்டு மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டார்கள். சாதனை என்று கோரவும் இல்லை. 2008 மே மாதம் அது செத்து மிதந்தது. அதே புள்ளி, அப்போது எடை 19 பவுண்டு. புகழ் முழுக்கக் கைக்கெட்டிய நேரத்தில் அந்த மீனை விட்டவர்கள்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

கேள்வி (பிளேனோ): நம் டெக்சாஸில் என்ன நடந்தது?

1943இல் பிடித்த 13½ பவுண்டு மீன்தான் முப்பது வருடத்துக்கும் மேலாக இங்கே சாதனை. 1970களின் தொடக்கத்தில் மாநில வனவிலங்குத் துறை ஃப்ளோரிடா இனத்தைக் கொண்டுவந்தது. ஃபோர்க் ஏரியில் செய்த வேலைதான் அழகு. 1980இல் அணை கட்டி முடிந்தது. ஏரி நிறையும் முன்பே, மூழ்கப்போகும் குட்டைகளில் ஃப்ளோரிடா மீனை விட்டு வளர்த்தார்கள். மரங்களை வெட்டாமல் பெரும்பகுதியை அப்படியே விட்டார்கள். தண்ணீர் ஏறியபோது மீன் ஏற்கெனவே அங்கே குடியிருந்தது. அப்புறம் 16 முதல் 24 அங்குல மீனை எடுத்துப்போகக் கூடாது என்ற கட்டுப்பாடு.

1986 நவம்பரில் அங்கே 17.67 பவுண்டு பெண் மீன் ஒன்று மாட்டியது. எத்தல் என்று பெயர் வைத்தார்கள். அதோடு தொடங்கியதுதான் ஷேர்லங்கர் திட்டம். 13 பவுண்டுக்கு மேற்பட்ட மீனை உயிரோடு துறைக்குக் கடனாகக் கொடுக்கலாம். பண்ணையில் முட்டை போடவைத்து, குஞ்சுகளை ஏரிகளில் விடுவார்கள், தாயையும் திருப்பி விடுவார்கள். இன்றைய மாநிலச் சாதனையும் ஃபோர்க் ஏரியுடையதே: 1992 ஜனவரி, 18.18 பவுண்டு.

கேள்வி (நாஷ்வில்): இங்கே டென்னசியிலும் இதைச் செய்தார்களா?

ஆமாம். சிக்கமாகா நீர்த்தேக்கத்தில் 2000 முதல் ஃப்ளோரிடா குஞ்சுகளை விட்டார்கள். 1954இலிருந்து அசையாமல் இருந்த 14½ பவுண்டு சாதனை 2015 பிப்ரவரியில் உடைந்தது. 15 பவுண்டு 3 அவுன்சு.

கேள்வி (சிகாகோ): ஐயா, இவ்வளவு நல்லது என்றால் எல்லா ஏரியிலும் விட்டுவிடலாமே? எங்கள் ஊரில் பெரிய மீனே கிடைப்பதில்லை.

வேண்டாம். நான் அழுத்திச் சொல்ல நினைப்பதே இதைத்தான்.

ஃப்ளோரிடா மீனுக்குக் குளிர் ஆகாது. உங்கள் இல்லினாயில் செய்த ஆய்வுகளிலேயே அவை பனிக்காலத்தைத் தாங்காமல் செத்தன. அது செத்தால் போகட்டும் என்று விட்டுவிட முடியாது. சாகும் முன் உள்ளூர் மீனோடு சேர்ந்துவிடும். முதல் தலைமுறைக் கலப்பு திடமாகத் தெரியும், எல்லாரும் கைதட்டுவார்கள். தொல்லை அடுத்த தலைமுறையில். வெவ்வேறு ஆற்றுப் படுகை மீன்களைச் சேர்த்துச் செய்த சோதனையில், இரண்டாம் தலைமுறைக் குஞ்சுகள் பாஸ் வைரஸுக்கு அதிகமாகப் பலியாயின. ஒரு ஆற்று மீன் அந்த ஆற்றின் குளிருக்கும் நோய்க்கும் ஆயிரக்கணக்கான வருடமாகப் பழகியிருக்கிறது. அதைக் கலக்க ஒரு லாரி போதும், பிரித்தெடுக்க வழியில்லை.

டெக்சாஸே இதற்குச் சாட்சி. எங்கள் மாநில மீன் குவாடலூப் பாஸ், மத்திய டெக்சாஸின் ஓடைகளில் மட்டும் வாழ்வது, ஒரு கைக்குள் அடங்குகிற மீன். 1970களில் அந்த ஆறுகளில் விளையாட்டுக்காக ஸ்மால்மவுத் பாஸை விட்டார்கள். இரண்டும் கலந்து, சில இடங்களில் சுத்தமான குவாடலூப் பாஸே இல்லாமல் போகும் நிலை. 1990களிலிருந்து சுத்தமான குஞ்சுகளை வருடக்கணக்கில் விட்டுத்தான் கொஞ்சம் மீட்டிருக்கிறார்கள்.

ஜார்ஜியாவில் இரண்டு இனமும் இயற்கையாகவே கலக்கும் பகுதி ஒன்று உண்டு. பெர்ரியின் மீன் வந்ததும் அங்கிருந்துதான். தானாக நடந்த கலப்பும் நாம் கொட்டிய கலப்பும் ஒன்றல்ல.

கேள்வி (டோக்கியோ): ஜப்பானில் பாஸை விரோதியாகப் பார்க்கிறார்களே?

பார்க்காமல் என்ன செய்வார்கள்? 1925இல் அஷி ஏரிக்கு வந்த மீன், பிற்பாடு தூண்டில்காரர்கள் கையால் திருட்டுத்தனமாக ஊர் ஊராகப் பரவியது. பிவா உலகின் மிகப் பழைய ஏரிகளில் ஒன்று. அங்கு மட்டுமே வாழும் மீன்கள் உண்டு. ஃபுனாசுஷி என்ற புளிக்கவைத்த மீன் உணவுக்கு வேண்டிய நிகோரோபுனா அதில் ஒன்று. பாஸும் புளூகிலும் வந்தபின் அவை அருகிப்போயின. 2003 முதல் பிவாவில் பிடித்த பாஸைத் திரும்ப விடுவதற்கே தடை. 2005இல் நாடு முழுக்க அயல் இனச் சட்டத்தில் சேர்த்தார்கள். ஆகவே குரிடாவின் உலக சாதனை மீன், அந்த ஏரிக்கு வரவே கூடாத மீன். அவர் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை, ஆனால் அந்த ஏரியை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

கேள்வி (ஈரோடு): பவானிசாகரில் பாஸ் விட்டால் வளருமா அண்ணே?

வளர்ந்துவிடுமோ என்பதுதான் பயம். 1952இல் இந்தியாவுக்கு வந்த ஜிலேபி மீன் இன்று எந்தக் குளத்தில் இல்லை? ஆப்பிரிக்கக் கெளுத்தி தடையை மீறி எங்கெல்லாம் நிற்கிறது? உங்களிடம் விரால் இருக்கிறது. பாய்ந்து அடிக்கும், பாஸ் மாதிரியே குஞ்சுகளைக் காவல் காக்கும். அதைத் தேடுங்கள்.

கேள்வி (டாலஸ்): பெரிய மீனெல்லாம் பெண்தானா?

ஆமாம். ஆண் பாஸ் ஐந்தாறு பவுண்டைத் தாண்டுவது அபூர்வம்.

கேள்வி (ஃபோர்ட் வொர்த்): 13 பவுண்டு மீன் எனக்கு மாட்டினால் என்ன செய்வது?

கையை நனைத்துக்கொள்ளுங்கள். தாடையை மட்டும் பிடித்துத் தொங்கவிடாதீர்கள். எனக்குக் கிடைத்த முதல் பத்துப் பவுண்டு மீனை நான் அப்படித்தான் படத்துக்காகத் தொங்கவிட்டேன். தாடையில் லேசாக ஏதோ விட்டுக்கொடுத்தது கட்டைவிரலில் தெரிந்தது. விட்டபின் பக்கவாட்டாகச் சாய்ந்தபடியே போனது. இன்னொரு கையை வயிற்றுக்குக் கீழே கொடுத்துப் படுக்கைவாட்டில் பிடித்திருக்க வேண்டும்.

ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை என்றால் உடனே ஷேர்லங்கர் எண்ணுக்குப் போன் போடுங்கள், ஆள் வந்து வாங்கிக்கொள்வார். அதுவரை மீன் காற்று ஓடும் தொட்டியில் இருக்கட்டும். மற்ற மாதங்களில் எடை பார்த்து, நீளம் அளந்து, ஒரு படம் எடுத்துவிட்டு, பிடித்த இடத்திலேயே விடுங்கள். வாலை ஆட்டி அதுவாகப் போகும்வரை கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காதீர்கள்.