அமெரிக்காவில் அதிபர் தேர்தலுக்கான தம் வேட்பாளரைக் கட்சிகள் மாநிலந்தோறும் பிரைமரி அல்லது காக்கஸ் வழியாகத் தேர்வு செய்கின்றன. காக்கஸ் முறையில் வாக்களிப்பு எப்படி நடக்கிறது? பிரைமரியிலிருந்து அது எவ்வாறு வேறுபடுகிறது?

பிரைமரி நமக்குப் பழகிய தேர்தலைப் போன்றதே: வாக்குச்சாவடி நாள் முழுவதும் திறந்திருக்கும், வாக்காளர் தமக்கு ஏற்ற நேரத்தில் சென்று இரகசியமாக வாக்களித்துத் திரும்பலாம். காக்கஸ் என்பதோ அரசு நடத்தும் தேர்தல் அல்ல, கட்சி தானே கூட்டும் கூட்டம். அயோவா மாநிலத்தில் குறித்த நாளின் இரவு 7 மணிக்கு, தம் வட்டாரத்துக்கான பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ கட்சிக்காரர்கள் நேரில் கூட வேண்டும்.

குடியரசுக் கட்சியின் நடைமுறை எளிது. வேட்பாளர்களின் ஆதரவாளர்கள் சிறிது நேரம் பேசுவார்கள், பிறகு வந்திருப்போர் துண்டுச்சீட்டில் பெயர் எழுதித் தருவார்கள், அவை எண்ணப்படும்.

ஜனநாயகக் கட்சி அயோவாவில் 2020 வரை கடைப்பிடித்த முறைதான் விரிவாகச் சொல்லத் தக்கது. அங்கே வாக்கு என்பது ஓரிடத்தில் போய் நிற்பது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் அறையில் ஒரு மூலை. ஆதரவாளர்கள் அங்கே திரள, தலைகள் எண்ணப்படும். கட்சி மாநாட்டுக்கு நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் வட்டாரத்தில், வந்திருப்போரில் 15 விழுக்காட்டை எட்டாத குழு அந்நிலையில் தேறாது. அதிலிருப்பவர்கள் தேறிய குழுவில் சேரலாம், தேறாத இன்னொரு குழுவோடு சேர்ந்து அதைத் தேற்றலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம்.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். 120 பேர் வந்திருக்கிறார்கள்; 6 பிரதிநிதிகள்; தேறுவதற்கு 18 பேர் வேண்டும். முதல் எண்ணிக்கையில் ஐந்து குழுக்களுக்கு முறையே 48, 34, 16, 12, 10 பேர். கடைசி மூன்றும் தேறவில்லை. 12 பேர் குழுவிலிருந்து இருவர் மூன்றாம் குழுவுக்குச் செல்ல, அது 18 ஆகித் தேறிவிடுகிறது. மற்ற பத்துப் பேர் இரண்டாம் குழுவிலும், ஐந்தாம் குழுவின் பத்துப் பேர் முதல் குழுவிலும் சேர்கிறார்கள். இறுதியில் 58, 44, 18. குழுவின் எண்ணிக்கையை 6ஆல் பெருக்கி 120ஆல் வகுத்தால் 2.9, 2.2, 0.9, முழு எண்ணாக்கினால் 3, 2, 1. மூன்றாம் குழுவுக்குச் சென்ற இருவர் ஒரு பிரதிநிதியையே பெற்றுத் தந்துவிட்டார்கள். இரண்டாம் குழுவுக்குச் சென்ற பத்துப் பேரால் எதுவும் கூடவில்லை, ஏனெனில் 34 பேரோடு இருந்திருந்தாலும் 1.7 என்பது 2 ஆகத்தான் ஆகியிருக்கும். குழு மாறும் அந்தச் சிறிது நேரத்தில் அண்டை வீட்டாரை வற்புறுத்தி அழைப்பதற்கு ஏன் அவ்வளவு மதிப்பு என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே எனக்கு விளங்கியது.

இப்படித் தேர்வாகிறவர்கள், கட்சியின் வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேசிய மாநாட்டுக்கு நேரே செல்வதில்லை. முதலில் கவுண்டி (மாநிலத்தின் நிர்வாக உட்பிரிவு) மாநாடு, அதன்பின் மாவட்ட, மாநில மாநாடுகள் என்று படிப்படியாகவே தேசியப் பிரதிநிதிகள் முடிவாகிறார்கள். ஆகவே மக்கள் எண்ணிக்கையும் பிரதிநிதிக் கணக்கும் ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. 2020இல் அயோவாவில் போட்டியிட்ட ஜனநாயகக் கட்சி வேட்பாளர்களில், மாநிலப் பிரதிநிதிக் கணக்கில் பீட் பூட்டிஜெஜ் மயிரிழையில் முந்தினார். ஆதரவாளர் எண்ணிக்கையில் பெர்னி சாண்டர்ஸ் முந்தினார். அன்று, இந்திய நேரப்படி பிப்ரவரி 4 காலை 6.30 மணி முதல் நான் முடிவுக்காகக் காத்திருந்தேன். முடிவுகளை அனுப்பவேண்டிய செயலி பழுதானதால் அந்த நாள் முழுவதும் கடந்தும் வெற்றியாளர் யாரென்று தெரியவில்லை.

இருந்தும் செயலியின் பழுதை நான் பெரிய குறையாகக் கருதவில்லை. இரவுப் பணியிலிருக்கும் செவிலியரும், கைக்குழந்தையை விட்டு வர முடியாத தாயும், பனியில் நடக்க இயலாத முதியவரும் வாக்கை இழப்பதும், முதலாளியின் கண்முன்னே தொழிலாளி தன் தெரிவைக் காட்ட வேண்டியிருப்பதும்தான் என்னை உறுத்துபவை. அண்டை அயலார் எதிரெதிரே நின்று அரசியல் பேசும் அழகை நான் மதிக்கிறேன். அதற்காக இவர்களை வெளியே நிறுத்துவதை ஏற்க முடியவில்லை.

2024இல் அயோவா ஜனநாயகக் கட்சி தெரிவு அட்டைகளை அஞ்சலில் பெற்று, மார்ச் 5 அன்று முடிவை அறிவித்தது. குடியரசுக் கட்சியினர் அதே ஆண்டு ஜனவரி 15 இரவு, கடுங்குளிரில், வழக்கம்போல நேரில் கூடியே சீட்டு எழுதினார்கள்.