"முழுகினியா பிள்ளை?" என்று அம்மா கேட்கும்போது

கேள்வி: அக்கா, எனக்கு வயது 26. ஊர் வவுனியா. கொழும்பில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை. மாதம் தவறாமல் வீட்டுக்குக் காசு அனுப்புகிறேன். வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் மேல்மாடியில் அறை எடுத்து இருக்கிறேன். நாலு பிள்ளைகளுக்கு ஒரு குளியலறை. கிழமையில் மூன்று நாள் அறையிலிருந்தே வேலை. இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. சில வேளை நாலு நாள் குளிக்காமல் இருந்துவிடுகிறேன். இரவில் பல் தீட்டுவது எப்போதோ நின்றுவிட்டது. தலைமுடி பின்பக்கம் சிக்குப் பிடித்துக் கட்டியாகிவிட்டது, கொண்டை போட்டு மறைக்கிறேன். போன மாதம் கந்தோரில் பக்கத்துப் பிள்ளை தன் கதிரையைத் தள்ளிப் போட்டதைக் கண்டேன். அன்றிலிருந்து வாசனை அடித்துக்கொண்டுதான் போகிறேன். குளிக்க வேண்டும் என்று தெரியும், கட்டிலிலிருந்து எழும்ப முடியவில்லை. அம்மா ஒவ்வொரு நாளும் போனில் "முழுகினியா பிள்ளை?" என்று கேட்பா. ஓம் என்று பொய் சொல்கிறேன். தைப்பொங்கலுக்குப் பிறகு அம்மா ஒரு கிழமை என்னோடு வந்து நிற்கப் போகிறா. எல்லாம் தெரிந்துவிடும். நான் இப்படி வளர்க்கப்பட்ட பிள்ளை இல்லை. நான் சோம்பேறியா?
– பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். இல்லை, நீங்கள் சோம்பேறி இல்லை. மற்றவர்களின் கணக்குகளைத் தவணைக்குள் முடித்துக் கொடுக்கிறீர்கள், வீட்டையும் பார்க்கிறீர்கள். இத்தனைக்கும் இருக்கிற பொறுப்பு குளியலறை வாசலில் மட்டும் எப்படிக் காணாமல் போகும்? உங்களுக்குள் ஏதோ ஒன்று களைத்துப்போயிருக்கிறது. அது உடம்பா மனமா என்று பார்க்கத்தான் வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன். அதற்காகக் காத்திருக்காமல் இன்றைக்கே செய்யக்கூடியவையும் நிறைய இருக்கின்றன.

"இப்படி வளர்க்கப்பட்ட பிள்ளை இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் இறுகியிருக்கிறது என்று நினைக்கிறேன். வவுனியாவில் நீங்கள் பழகிய குளிப்பு எது? கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளி ஊற்றுகிற தண்ணீர், வெள்ளிக்கிழமை தலை முழுக்கு, எண்ணெய் வைக்க ஒரு நாள், முடியை விரித்துக் காயவிட ஒரு முற்றம், துவாயை மறந்தால் எடுத்துத் தர அம்மா. வெள்ளவத்தையில் இருப்பது நாலு பேருக்கு ஒரு கதவு. காலையில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அவசரம். உள்ளே போய்ப் பத்து நிமிடம் ஆவதற்குள் யாராவது தட்டுவார்கள். உங்கள் மனம் இன்னமும் அந்தக் கிணற்றடிக் குளிப்பைத்தான் குளிப்பு என்று கணக்கில் எடுக்கிறது. அது இங்கே நடக்க வழியில்லை. அதைச் செய்ய முடியாத நாளில் எதையும் செய்யாமல் விடுகிறீர்கள். மறுநாள் வெட்கம் இரண்டு மடங்கு, அதனால் எழும்புவது இன்னும் கடினம்.

ஆனால் அதே வீட்டில் வேறு ஒன்றையும் பார்த்து வளர்ந்திருப்பீர்கள். தலை முழுகாத நாளில் மேல் கழுவுவார்கள். காய்ச்சல் வந்து அதற்கும் முடியாமல் கிடந்தால் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, உடுப்பு மாற்றி, முகத்தைக் கழுவி விடுவார்கள். அந்தப் பிள்ளையை அசுத்தம் என்று யாரும் சொன்னதில்லை. இப்போது அந்த அளவுகோலை உங்களுக்கும் வையுங்கள். முடிகிற நாளில் முழுக்கு, முடியாத நாளில் மேல் கழுவல், அதுவும் ஏலாத நாளில் துடைத்து உடுப்பு மாற்றுதல். மூன்றும் சுத்தம்தான்.

இதைத் தேறுதலுக்காகச் சொல்லவில்லை. வியர்வைக்கு அதன் பாட்டில் பெரிய மணம் கிடையாது. அக்குள், தொடையிடுக்கு போன்ற இடங்களில் தோலில் வாழும் பக்டீரியாக்கள் வியர்வையைச் சிதைக்கும்போதுதான் அந்த மணம் எழும்புகிறது. ஆகவே சவர்க்காரம் தேவைப்படுகிற இடங்கள் சிலதான்: அக்குள், தொடையிடுக்கு, மார்புக்குக் கீழே, கழுத்து, கால்விரல் இடுக்குகள். ஒரு சிறிய துவாயை நனைத்துக் கொஞ்சம் சவர்க்காரம் போட்டுத் துடைத்து, இன்னொரு தடவை வெறும் தண்ணீரில் துடைத்து, ஈரம் போக ஒற்றி எடுத்தால் ஐந்து நிமிட வேலை. அறைக்குள் ஒரு வாளித் தண்ணீரோடு கட்டில் ஓரத்தில் இருந்தே செய்யலாம். குளியலறை வரிசையே வேண்டாம்.

வாசனைத் திரவியத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கழுவாத அக்குளின் மேல் அடித்தால் பழைய மணமும் புதிய மணமும் கலந்து வரும், எதுவும் மறையாது. அந்தப் பிள்ளை கதிரையைத் தள்ளியது காற்றாடிக்காகவும் இருக்கலாம், உங்கள் மணத்துக்காகவும் இருந்திருக்கலாம். "அப்படி ஒன்றும் இருக்காது" என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். ஆனால் இது திருத்தக்கூடிய விடயம், அதுவும் ஒரே நாளில். வியர்வையைக் குறைக்கும் பூச்சை இரவில், கழுவி உலர்ந்த அக்குளில் பூசுங்கள். காலை அவசரத்தில் ஈரத் தோலில் பூசுவதைவிட நன்றாக வேலை செய்யும். மணத்தில் பெரிய பங்கு உடுப்புக்கும் உண்டு. பொலியெஸ்டர் துணி வியர்வை மணத்தைப் பிடித்து வைத்திருக்கும், பருத்தி அவ்வளவாக வைத்திருக்காது. கந்தோருக்குப் பருத்திச் சட்டை இரண்டு மூன்றை மட்டும் ஒதுக்கிவிடுங்கள். உள்ளாடை மட்டும் நாள் தவறாமல் மாற வேண்டும். தோய்க்க ஏலவில்லை என்றால் கூடுதலாக ஒரு டசின் வாங்குங்கள். அது வீண்செலவு இல்லை.

கடலோரக் காற்றில், அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில், கொழும்பில் எதுவும் லேசில் காயாது. அறைக்குள் மடித்துத் தொங்கும் துவாய் இரண்டே நாளில் மணக்கத் தொடங்கும், அதில் துடைத்தால் குளித்ததே வீணாகிவிடும். யன்னலோரம் விரித்துப் போடுங்கள். தொடையிடுக்கிலோ மார்புக்குக் கீழேயோ வட்டமாகச் சிவந்து அரித்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். பாமசியில் கேட்டு ஸ்டெரொயிட் கலந்த கிறீம் எதையாவது பூச வேண்டாம். முதலில் அடங்கியது போல் காட்டிவிட்டுப் பிறகு பரவும். வைத்தியரிடம் காட்டுங்கள், எளிதாக மாறும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். எதை முதலில் என்று கேட்டால், பல் என்பேன். நாலு நாள் குளிக்காத தோல் ஒரு குளிப்பில் பழையபடி ஆகிவிடும். சிக்குப் பட்ட முடியை வெட்டினாலும் வளரும். பல்லில் விழுந்த குழி தானாக மூடாது. நித்திரையில் உமிழ்நீர் குறைந்துவிடும், பல்லைக் காக்க அங்கே ஆள் இல்லை. அதனால்தான் நீங்கள் விட்டுவிட்ட இரவு நேரத் தீட்டல்தான் இரண்டிலும் முக்கியமானது. பிரஷ்ஷையும் பற்பசையையும் குளியலறையிலிருந்து எடுத்துக் கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் வையுங்கள். ஒரு போத்தல் தண்ணீர், துப்ப ஒரு பழைய கோப்பை. படுப்பதற்கு முன் இருந்த இடத்திலேயே தீட்டலாம். பற்பசை ஃபுளோரைட் உள்ளதாக இருக்கட்டும், 1000 பிபிஎம்முக்கு (ppm) குறையாமல். நுரையைத் துப்பிவிட்டு வாயை நிறையக் கொப்பளிக்காமல் விட்டால் ஃபுளோரைட் கொஞ்ச நேரம் பல்லில் நிற்கும். முரசில் இரத்தம் வந்தால் பயந்து நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலும் அது தீட்டாமல் விட்டதால் வந்த வீக்கம், மென்மையாகத் தொடர்ந்து தீட்டினால் குறையும். குறையாவிட்டால், அல்லது வலி இருந்தால், வார்ட் பிளேஸில் தேசிய பல் வைத்தியசாலை இருக்கிறது. அரசாங்க வைத்தியசாலை, காசு கேட்க மாட்டார்கள். "ஏன் இவ்வளவு நாள் விட்டீர்கள்" என்று அங்கே யாராவது கேட்டாலும் "ஏலாமல் இருந்தது" என்பதற்கு மேல் விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

உடம்பு கழுவும் நேரத்தைக் காலையிலிருந்து பின்னேரத்துக்கு மாற்றுங்கள். கந்தோர் நாளில் காலி வீதியில் பஸ் இறங்கி வந்ததும் பையை வைத்துவிட்டு, கட்டிலில் சாய்வதற்கு முன் நேரே போய்விடுங்கள். ஒருமுறை சாய்ந்துவிட்டால் அன்றைய நாள் முடிந்தது. இது உங்களுக்கே தெரியும். சவர்க்காரம், மாற்றுடுப்பு, துவாய் எல்லாம் ஒரே கூடையில் கதவடியில் இருக்கட்டும். களைத்த மனதுக்குக் குளிப்பதைவிடத் தேடுவதுதான் பாரம். அறையில் வேலை செய்கிற நாளில் மதியச் சாப்பாட்டுக்கு முன் போங்கள், அந்த நேரம் குளியலறை பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். இரவில் தலை நனைத்தால் பீனிசம் வரும் என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். தடிமன் வருவது வைரசால், குளிப்பதால் இல்லை. ஆனாலும் மனம் கேட்காவிட்டால் தலையை நனைக்காமல் மேல் மட்டும் கழுவுங்கள். அந்த நம்பிக்கையோடு சண்டை பிடிக்க இப்போது உங்களிடம் தெம்பு இல்லை.

விட்டுப்போன நாளுக்கு ஈடு கட்டாதீர்கள். மூன்று நாள் விட்டேன், இன்றைக்கு ஒரு மணித்தியாலம் தேய்த்துக் குளிக்கிறேன் என்று இறங்கினால் மறுநாள் மறுபடி கட்டில்தான். அன்றைக்கும் அதே ஐந்து நிமிடம் போதும்.

இனி, நீங்கள் தள்ளிப்போடக் கூடாத பகுதி. எழும்பவே முடியாத இந்தக் களைப்புக்கு உடம்பில் காரணம் இருக்கலாம். இரத்தச்சோகை பெண்களில் அதிகம், மாதவிடாய் அதிகமாகப் போகிறவர்களுக்கு இன்னும் கூடுதலாக. தைரொய்ட் சுரப்பு குறைந்தாலும் இப்படித்தான் உடம்பு பாரமாகும், முடி கொட்டும், மனம் மந்தமாகும். ஒரு வைத்தியரிடம் போய் ஹீமோகுளோபின், தைரொய்ட் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே ஊசியில் எடுக்கிற இரத்தம் இரண்டுக்கும் போதும்.

மனச்சோர்வும் இருக்கலாம். இரண்டு கிழமைக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், மனம் இருண்டு கிடக்கிறதா? முன்பு பிடித்த எதிலும் இப்போது நாட்டம் இல்லையா? நித்திரையும் பசியும் மாறியிருக்கின்றனவா? அப்படியென்றால் அது ஒரு நோய், மருந்தாலும் பேச்சாலும் மாறுகிற நோய். குளிக்காமல் விடுவது அதன் பழக்கமான அறிகுறிகளில் ஒன்று. கேட்கிற வைத்தியருக்குப் புதினமாக இருக்காது. வெள்ளவத்தையிலிருந்து களுபோவில வைத்தியசாலை கிட்டத்தான், அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. மனநல வைத்தியசாலை இருக்கிற அங்கொடையின் பெயரைச் சொல்லி ஆட்களை மட்டம் தட்டுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதற்குப் பயந்தே எத்தனையோ பேர் வைத்தியம் பார்க்காமல் கிடக்கிறார்கள். அந்தப் பேச்சுக்காக நீங்கள் கஷ்டப்பட வேண்டாம். நேரில் போகத் துணிவு வரவில்லை என்றால் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அன்றைக்கே அழைக்க வேண்டும், மறுநாள் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

அம்மாவின் விடயத்துக்கு வருகிறேன். வந்து கண்டுபிடிக்கட்டும் என்று விடாதீர்கள், வருவதற்கு முன்பே போனில் சொல்லுங்கள். நீளமாக வேண்டாம். "அம்மா, கொஞ்ச நாளா எனக்கு ஒண்டும் ஏலாமக் கிடக்கு. குளிக்கக்கூட எழும்பேலாமக் கிடக்கு. ஓம் எண்டு சொன்னது பொய். டொக்டரிட்டக் காட்டப் போறன். வரேக்க ஏசாதேங்கோ." இவ்வளவும் போதும். முதலில் அவ ஏசக்கூடும், "பொம்பிளைப் பிள்ளை இப்பிடியே" என்று அழவும் கூடும். அது பயத்தில் வருவது. இரண்டு நாள் விட்டுவிட்டு மறுபடி எடுங்கள்.

கட்டியான முடியை அவ வரும்வரை அப்படியே விட்டாலும் பரவாயில்லை. வந்ததும் எண்ணெயோ கொண்டிஷனரோ நிறையப் பூசி ஊறவைத்து, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கச் சொல்லுங்கள். காய்ந்த முடியில் உச்சியிலிருந்து இழுத்தால் அறுந்துதான் வரும். ஒரு பின்னேரம் முழுக்கப் போகலாம். வராத கட்டியை வெட்டிவிடலாம். மகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று தவித்துக்கொண்டு வருகிற அம்மாவுக்கு அது கையில் கொடுக்கிற ஒரு வேலையாகவும் இருக்கும்.

இரத்தப் பரிசோதனையை மட்டும் பொங்கலுக்கு விட வேண்டாம். இந்தச் சனிக்கிழமையே கொடுத்துவிடுங்கள்.