சிவப்பு மூடி சிரிஞ்ச் மணிக்கு வேண்டாம்

கேள்வி: எங்கள் பூனை மணி கருத்தடை செய்த கடுவன். ஒன்பது வயது, ஆறு கிலோ. சர்க்கரை நோய் என்று கிளார்ஜின் இன்சுலின் காலை ஒரு யூனிட், இரவு ஒரு யூனிட் எழுதிக் கொடுத்திருக்கிறார் டாக்டர். அம்மாவும் இன்சுலின் போடுகிறவர். அவருடைய சிவப்பு மூடி சிரிஞ்சிலேயே போடலாமா? சாப்பிடாத நாளில் என்ன செய்வது? மணிக்குத் தயிர் சாதமும் உலர் தீனியும்தான் பழக்கம்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: கூடவே கூடாதும்மா. சிவப்பு மூடி சிரிஞ்ச், மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்கானது. கிளார்ஜினோ மில்லிக்கு 100 யூனிட். அந்த சிரிஞ்சில் ஒரு யூனிட் கோடு வரை இழுத்தால், மணியின் உடம்பில் இறங்குவது இரண்டரை யூனிட். சர்க்கரை தடாலென்று இறங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். "எல்லாம் ஒண்ணுதான்" என்று மருந்துக் கடையில் சொன்னால் தலையாட்டிவிட்டு, 100 என்று அச்சிட்ட ஆரஞ்சு மூடியைக் கேட்டு வாங்குங்கள். அரை யூனிட் கோடு போட்டது கிடைத்தால் இன்னும் நல்லது.

பன்னிரண்டு மணி நேர இடைவெளியில், அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே விலாப்பக்கத் தோலைக் கூடாரம்போல் தூக்கிப் போடுங்கள். சில சமயம் ஊசி மறுபக்கம் வெளியே வந்துவிடும். ரோமம் ஈரமாக இருக்கும், பினாயில் போல ஒரு வாடை வரும். உள்ளே எவ்வளவு போனதென்று தெரியாததால் மறுபடி போடாதீர்கள். அடுத்த வேளை பார்த்துக்கொள்ளலாம். சாப்பிடாத வேளையில் வழக்கமான அளவைப் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடாதீர்கள். முதலில் டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.

இனி சாப்பாடு. பூனை பிறவியிலேயே மாமிசப் பிராணி. சோற்றிலும் உலர் தீனியிலும் உள்ள மாவுச்சத்துதான் சர்க்கரையை ஏற்றுகிறது. டின்னிலோ பாக்கெட்டிலோ வரும், மாவுச்சத்து குறைந்த ஈர உணவு நல்லது. வெறும் வேகவைத்த கோழியை மட்டுமே போட்டு வளர்த்தால் பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்தும் கால்சியமும் போதாது. வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்புத் துண்டு அறவே வேண்டாம்.

ஆனால் நாளைக்கே தட்டை மாற்றிவிடாதீர்கள். மாவுச்சத்து குறைந்தால் சர்க்கரையும் இறங்கும். இன்று சரியாக இருக்கும் அதே ஒரு யூனிட் அப்போது அதிகமாகிவிடும். டாக்டரிடம் சொல்லிவிட்டு, ஓரிரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். ஆரம்பத்திலேயே கவனித்தால் சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாத நிலைகூட வரும். அதை நீங்களாக முடிவு செய்து நிறுத்தாதீர்கள்.

சர்க்கரை ரொம்ப இறங்கி மணி தள்ளாடினாலோ, துவண்டு கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, தேனை ஈறில் தடவுங்கள். வாயில் ஊற்றினால் புரையேறும். தடவிய கையோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அவன் தெளிந்து எழுந்துவிட்டாலும், டாக்டர் சொல்லாமல் அடுத்த ஊசி கிடையாது.

ஆஸ்பத்திரி மேஜையில் பயத்தாலேயே பூனைக்குச் சர்க்கரை ஏறும். அதனால் காது ஓரத்தில் ஒரு சொட்டு எடுத்து வீட்டிலேயே பார்க்க டாக்டரிடம் கற்றுக்கொள்ளுங்கள். அம்மாவின் மீட்டர் பூனை ரத்தத்துக்குச் சற்றுக் குறைத்தே காட்டும் என்பதால், எந்த மீட்டரில் பார்த்தது என்பதையும் சேர்த்து நோட்டில் எழுதி வையுங்கள்.